பாலாற்றுக்கும் ஜவ்வாது மலைக்கும் நடுவே: அணைக்கட்டு வட்டாரத்தின் உணவுக் கணக்கு

2023 பிப்ரவரியில் வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் அதே சமயத்தில்தான் கிடைத்தது. பதிவில் மாவட்டத்தின் பெயர் இருந்தாலும் சந்தையில் அதை இலவம்பாடிக் கத்தரிக்காய் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். இலவம்பாடி, வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு வட்டாரத்துக் கிராமம். தண்டு, இலை, காம்பு, காயின் தலைப்பாகம் என்று எங்கும் முள் உள்ள செடி; பழகாதவர் காய் பறிக்க இறங்கினால் விரல் தப்பாது. ஊதா நிறத்தில் பளபளக்கும் இந்தக் காய் வதங்கி எண்ணெய் மிதக்கும் கூட்டாக ஆம்பூர் பிரியாணியின் பக்கத்தில் வரும்போது, அது எந்த ஊர்க் கொல்லையிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கொல்லையில் இந்தப் பயிர் இன்னும் முப்பது ஆண்டுகள் நிற்குமா? நீடித்த வேளாண்மை, உணவு அமைப்பு மாற்றம் என்றெல்லாம் மாநாடுகளில் பேசப்படுவதை அணைக்கட்டில் நின்று கேட்டால் கேள்வி இப்படித்தான் வருகிறது. 2021 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபை இதற்கென்றே ஓர் உச்சி மாநாடு நடத்தியது. தமிழ்நாடு அதே ஆண்டு ஆகஸ்டில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போடத் தொடங்கியது. 2023 மார்ச்சில் இயற்கை வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. இந்தப் பேச்சுகள் பலவும் கடைசியில் விவசாயியிடம்தான் வந்து நிற்கின்றன: அவர் உரத்தைக் குறைக்கவேண்டும், பாரம்பரிய விதைக்குத் திரும்பவேண்டும், பஞ்சகவ்யம் தயாரிக்கவேண்டும். என் கருத்தில் இந்த வட்டாரத்தின் வேளாண்மையைத் தீர்மானித்தவை பெரும்பாலும் வயலுக்கு வெளியே இருந்தவை. மாற்றத்தையும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

இந்த முடிவுக்கு வர ஆதாரங்களுக்குப் பஞ்சமில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டம், அதாவது இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் நான்கும் சேர்ந்த நிலம், பசுமைப் புரட்சி ஆய்வுகளில் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் இடம். 1973-74இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பி.எச். ஃபார்மர் தலைமையில் ஒரு குழு இங்கே கிராமம் கிராமமாக ஆய்வு செய்தது. 1977இல் வந்த அவர்களுடைய நூலின் தலைப்பில் பசுமைப் புரட்சி என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கேள்விக்குறி இருந்தது. அரசுக் கணக்கு சொன்ன அளவுக்குப் புதிய நெல் ரகங்கள் வயலில் இல்லை என்பதும், விதையைவிடக் கிணறும் மின்சாரமும்தான் விளைச்சலைத் தீர்மானித்தன என்பதும் அவர்கள் கண்டவை. அந்தக் குழுவில் இருந்த ராபர்ட் சேம்பர்ஸ் பின்னாளில் ஊரக வளர்ச்சி ஆய்வு முறைகளையே மாற்றிப்போட்டவர்.

அதே கிராமங்களுக்குப் பத்தாண்டு கழித்துத் திரும்பிப் போன ஆய்வின் முடிவை பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் 1991இல் நூலாக்கினார்கள். ராமசாமி பின்னர் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர். அவர்களுடைய முடிவு முந்தைய அவநம்பிக்கைக்கு எதிரானது: காலம் தாழ்ந்தாவது சிறு விவசாயியும் நிலமற்ற கூலியும் பயன் பெற்றார்கள், உண்ணும் அளவு கூடியது. இதை இன்றைய இயற்கை வேளாண் ஆர்வலர்கள் சொல்லத் தயங்குகிறார்கள், தயங்கத் தேவையில்லை. பசியை ஆற்றியது ஒரு சாதனைதான். மூன்றாம் முறை, 1990களில், பார்பரா ஹாரிஸ்-ஒயிட்டும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். ஜனகராஜனும் பார்த்தபோது படம் மாறியிருந்தது. 2004இல் வந்த அவர்களுடைய நூலும் ஜனகராஜனின் நிலத்தடி நீர்க் கட்டுரைகளும் பக்கத்து நிலத்துக்காரர் கிணற்றை ஆழப்படுத்தினால் தானும் ஆழப்படுத்தவேண்டிய போட்டியையும், அதற்கு வாங்கிய கடனையும், கடைசியில் கைவிடப்பட்ட கிணறுகளையும் பதிவு செய்தன.

மூன்று ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இங்கே விளைச்சலின் உச்சவரம்பு எப்போதும் தண்ணீர்தான். தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் எல்லாருக்கும் இலவசம். அது சிறு விவசாயியைக் காப்பாற்றிய திட்டம். நிலத்தடி நீரை எடுப்பதற்கு இருந்த ஒரு முக்கியத் தடையை நீக்கிய திட்டமும் அதுவே. வேலூர் மாவட்டத்தின் பல பகுதிகள் நீரை அளவுக்கு மீறி எடுப்பவை என்று வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் உண்டு. அதைப் போட்டவர்களில் பலர் மிச்சமான தண்ணீரில் இன்னும் கொஞ்சம் கரும்போ வாழையோ வைக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மிச்சம் நிலத்தடிக்குத் திரும்புவதில்லை.

அணைக்கட்டின் நில அமைப்பு இதை இன்னும் சிக்கலாக்குகிறது. தெற்கே ஜவ்வாது மலை. வடக்கே பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம் வழியாகப் பாலாறு. நடுவே மலையிலிருந்து இறங்கி ஒடுகத்தூர்ப் பக்கம் ஓடும் உத்திரகாவேரி ஆறு. அதன் குறுக்கே மேலரசம்பட்டில் அணை கட்டவேண்டும் என்ற கோரிக்கை தேர்தலுக்குத் தேர்தல் எழுந்து அடங்குகிறது. மலைத் தண்ணீர் நல்ல தண்ணீர், ஆனால் மழைக்காலத்தில் மட்டும். பாலாற்றங்கரைத் தண்ணீரின் கதை வேறு. வாணியம்பாடி, ஆம்பூர் தாண்டித்தான் ஆறு பள்ளிகொண்டாவுக்கு வருகிறது.

தோல் இந்த ஊர்களுக்குப் புதிதில்லை. முன்பு ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்டார்கள். அவை காட்டிலிருந்தும் மலையிலிருந்தும் வந்த பொருள்கள். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் செருப்பையும் ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி பெருகியது. கூடவே குரோம் பதனிடுதலும் பெருகியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்புதான் மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. சட்டக் கல்லூரிகளில் அதை மனப்பாடம் செய்கிறார்கள். அதே தீர்ப்பில் இன்னொரு தகவல் உண்டு. அதைத்தான் வேளாண் கல்லூரிகளில் படிக்கவேண்டும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருந்தது.

மண்ணில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். எல்லாரும் குரோமியத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குவியலுக்கு அந்தப் பயம் பொருந்தும்; அது ஆறு இணைதிறன் குரோமியம், தண்ணீரோடு நகரக்கூடியது. பதனிடும் ஆலையிலிருந்து வருவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் கொண்டது, மண்ணைப் பற்றிக்கொண்டு அங்கேயே கிடக்கும். வயலைக் கொன்றது சாதாரண உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல்கூட உப்பு போடுகிறார்கள். அது கழுவிய தண்ணீரில் போய்க் கிணற்றில் சேர்கிறது. அந்தத் தண்ணீரைப் பாய்ச்சிய மண் ஈரத்தில் சேறாகக் குழைந்து, காய்ந்தால் ஓடாக இறுகும். மேலே வெள்ளை பூக்கும். நெல் நாற்றின் நுனி கருகும். தேங்காய் சிறுத்துப்போகும். மழை நன்றாகப் பெய்து ஆறு கரைபுரளும் ஆண்டுகளில் கொஞ்சம் கழுவப்படும். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பாலாற்றங்கரைக் கிணறுகள் நிரம்பியதை இங்கே எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து இரண்டு ஆண்டு வறட்சி வந்தால் உப்பு மேலேறிவிடும்.

இந்த நிலத்தில் போய் ரசாயன உரத்தைக் கைவிடுங்கள் என்று சொல்வது அவமானப்படுத்துவதற்குச் சமம். உரத்தால் கெட்ட நிலமா இது? உவர் தாங்கும் டி.ஆர்.ஒய்.1 போன்ற நெல் ரகங்கள் இருக்கின்றன. ஜிப்சம் போடலாம், தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழலாம். அரசின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் உர விதை தருகிறார்கள், நல்ல காரியம். ஆனால் ஜிப்சம் இளக்கிவிட்ட உப்பைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீர் வேண்டும். அது எங்கே இருக்கிறது?

இழப்பீட்டுக் கணக்கும் பார்த்துவிடலாம். 1996 தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 1991 முதல் 1998 வரையிலான இழப்புக்குச் சுமார் 29,000 பேருக்கு ஏறத்தாழ 26.8 கோடி ரூபாய் என்று நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். ஏழு ஆண்டு வெள்ளாமைக்கு. அதுவும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை என்பதால்தான் வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு புதிதாக ஒரு தீர்ப்பு தரவேண்டி வந்தது. விடுபட்டவர்களுக்கு அரசே முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கவேண்டும், மாசு நீங்கும்வரை இழப்பீடு தொடரவேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து நிலைமையை மதிப்பிடவேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

ஆலைகள் தரப்பில் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்வது நேர்மையில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, கழிவுநீரை வெளியே விடாத தொழில்நுட்பம் வந்தது. கழிவுநீரிலிருந்து பிரித்தெடுத்த கலப்பு உப்பை வாங்குவார் இல்லாமல் மூட்டைகளாக அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது அதன் மறுபக்கம்.

தோல் தொழில் விவசாயத்திலிருந்து தண்ணீரை எடுத்தது எல்லாருக்கும் தெரியும். கையையும் எடுத்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. காலையில் கிராமச் சாலைகளில் ஷூ கம்பெனி வேன்கள் நிற்கின்றன. 'கம்பெனிக்குப் போறா' என்றால் இங்கே பொருள் ஒன்றுதான். நிழலில் வேலை, மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி. நாற்று நடவும் களையெடுக்கவும் வராமல் பெண்கள் அதற்குப் போவதில் என்ன தவறு? பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் அந்தச் சம்பளத்தில்தான் கட்டப்படுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நாம் பரிந்துரைக்கும் நீடித்த வேளாண் முறைகளில் பெரும்பாலானவை கைவேலை அதிகம் கேட்பவை என்பதை இதோடு பொருத்திப் பார்க்கவேண்டும்.

கத்தரியையே எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய எதிரி குருத்தும் காயும் துளைக்கும் புழு. தாய் அந்துப்பூச்சி இளந்தளிரில் முட்டையிடும். பொரித்த புழு தண்டுக்குள் நுழைந்தால் குருத்து தலைசாயும். காய்ப் பருவத்தில் காய்க்குள் போய்விடும். உள்ளே போன புழுவை எந்த மருந்தும் தொடாது. அதனால் முட்டை பொரிக்கும் நேரத்தைத் தவறவிடக்கூடாதென்று வாரத்துக்கு ஒன்று, சமயத்தில் இரண்டு முறை மருந்தடிக்கிறார்கள். நாலைந்து நாளில் அதே செடியில் காய் பறிக்கிறார்கள். மாற்று வழி நன்றாகத் தெரிந்ததுதான்: சாய்ந்த குருத்தை வாரா வாரம் கிள்ளி எரிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது, வேப்பங்கொட்டைக் கரைசல் அடிப்பது, கத்தரி போட்ட நிலத்தில் மறுபடி கத்தரி போடாமல் இருப்பது. முள் செடியில் வாரா வாரம் குருத்து கிள்ள யார் வருவார்கள்? மருந்து தெளிப்பான் ஒருவர் முதுகில் ஏறினால் போதும், காலை வேலை முடிந்துவிடும். ரசாயனம் இங்கே ஆள் பற்றாக்குறைக்கு மருந்து.

இந்தப் புழுவுக்காகத்தான் மரபணு மாற்றிய பி.டி. கத்தரி வந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் உள்ளூர் ரகங்களிலேயே அந்த மரபணுவைப் புகுத்தியிருந்தது. 2010 பிப்ரவரியில் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். வங்கதேசம் சில ஆண்டுகளில் பயிரிடத் தொடங்கியது. ஊருக்கொரு கத்தரி இருக்கும் நாட்டில் நிறுத்திவைத்தது சரியென்றே நினைக்கிறேன். தடையோடு கடமை முடிந்ததென்று எல்லாரும் வீட்டுக்குப் போனது சரியில்லை. இனக்கவர்ச்சிப் பொறிக்கும் ஆள் கூலிக்கும் அப்போதே பணம் ஒதுக்கியிருந்தால் மருந்தடிப்பு குறைந்திருக்கும்.

மலைக்கு ஏறினால் கதை தலைகீழாக இருக்கிறது. பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு மூன்றும் அணைக்கட்டு ஒன்றியத்தின் மலை ஊராட்சிகள். மலையாளிப் பழங்குடியினர் வாழ்பவை. அங்கே சாமை மானாவாரியில், உரமில்லாமல், மருந்தில்லாமல் விளைகிறது. இயற்கை வேளாண்மையைக் கற்றுக்கொடுக்க யாரும் மலையேறத் தேவையில்லை. ரோடுதான் தேவை. அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒரு குழந்தையை நேரத்துக்கு மருத்துவமனை கொண்டுசேர்க்க முடியாமல் போனது. உடலைச் சுமந்துகொண்டு பெற்றோர் நடந்ததை மாநிலமே பார்த்தது. ஆம்புலன்ஸ் போகாத பாதையில் சாமை மூட்டை மட்டும் நியாய விலையில் எப்படி இறங்கும்? வியாபாரி சொல்வதுதான் விலை. சாமையின் உமி கெட்டி. உரலில் குத்துவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. அதனால் தானியமாகவே விற்றுவிடுகிறார்கள், உமி நீக்கிய அரிசி வேலூர்க் கடைகளில் பல மடங்கு விலைக்குப் போகிறது. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடினோம். பஞ்சாயத்துக்கு ஓர் உமி நீக்கும் இயந்திரமும் அதை ஓட்டத் தடையில்லாத மின்சாரமும் அந்தக் கொண்டாட்டத்தைவிட அதிகம் செய்யும்.

2011 ஜூன் முதல் ரேஷனில் இலவச அரிசி. பசிக்கு அது பெரிய அரண், அதில் கைவைக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மலைத் தட்டிலிருந்து சாமையும் கேழ்வரகும் நகர்ந்ததில் அதற்கும் பங்குண்டு. 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் வேலூர் அந்தத் தொடக்கப் பட்டியலில் இல்லை.

இயற்கை வேளாண்மைக்கு மாறுவது என்ற பெரிய விவாதத்தை இங்கே சுருக்கமாகவே தொடுகிறேன், ஏனென்றால் நம் இரு பக்கத்திலும் பாடங்கள் கிடக்கின்றன. இலங்கை 2021இல் ரசாயன உர இறக்குமதியை ஒரே ஆணையில் தடுத்தது. நெல் விளைச்சல் சரிந்தது, ஆறேழு மாதத்தில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள், அதற்குள் யாழ்ப்பாணம் முதல் மாத்தறை வரை விவசாயி நொடிந்திருந்தார். காட்பாடியைத் தாண்டினால் வரும் ஆந்திரம் 2016 முதல் மகளிர் குழுக்கள் வழியாக, ஒரு குடும்பத்தை ஓரிரு ஆண்டில் கைவிடாமல், மெதுவாக மாற்றிவருகிறது. இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து செய்ததும் இந்த வகைதான், பின்னால் அரசு இல்லாமல். 2013இல் அவர் மறைந்த பிறகு நம் மேடைகளில் அவர் படம் கூடியிருக்கிறது, கூடவே இருந்து கற்றுத்தரும் ஆள் கூடவில்லை.

தண்ணீர் விஷயத்தில் அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஜவ்வாது மலையில் பிறந்து கணியம்பாடிப் பக்கம் ஓடும் நாகநதி வறண்டு கிடந்தது. மலைச்சரிவில் கல் தடுப்புகளும் ஓடைப் படுகையில் உறைகள் இறக்கிய செறிவூட்டும் கிணறுகளும் நூறு நாள் வேலைத் திட்டத்தில் அமைக்கப்பட்டன; வேலை செய்தவர்களில் சுமார் 20,000 பேர் பெண்கள். பிரதமரின் வானொலி உரையில் 2021இல் இது இடம்பெற்றது. உத்திரகாவேரிப் படுகையில் இதையே செய்ய மேலரசம்பட்டு அணை வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.

கடைசியாக, வாங்குபவரைப் பற்றி. இலவம்பாடிக் காய் வேலூர் நேதாஜி மார்க்கெட் கமிஷன் மண்டிக்குப் போகிறது. வரத்து கூடிய நாளில் வண்டி வாடகை கட்டாத விலை. புவிசார் குறியீடு என்பது பெயரைக் காக்கும் சட்டம். விலையைக் காக்க நிச்சயமாக வாங்கும் ஒருவர் வேண்டும். டோல்கேட் உழவர் சந்தை போன்றவை நேரே விற்கும் சிலருக்கு உதவுகின்றன. ஆனால் இந்த மாவட்டத்தில் தினமும் தவறாமல் சமைக்கும் பெரிய அடுப்புகள் அரசுடையவை: பள்ளி, விடுதி, மருத்துவமனை, சிறை. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளில் நடக்கிறது. அதன் விதிகளிலேயே உள்ளூர்க் காய்கறி சாம்பாரும் இயன்ற இடத்தில் சிறுதானியமும் சொல்லப்பட்டிருக்கின்றன. விலையை முன்கூட்டி அறிவித்து, மருந்து எச்சம் சோதித்து, இலவம்பாடிக் கத்தரியையும் பீஞ்சமந்தைச் சாமையையும் அந்த அடுப்புகளுக்கு வாங்கினால், குருத்து கிள்ளும் கூலியை விவசாயியால் கொடுக்க முடியும். வாங்கும் விதியில் இந்த ஒரு மாற்றம் செய்யாமல் நூறு பயிற்சி முகாம் நடத்திப் பயனில்லை.

அணைக்கட்டு வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடவேண்டும். அவற்றில் ஒன்று மார்ச் 22, உலக நீர் நாள். அந்தக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் கேளுங்கள்: உங்கள் ஊர்ப் பாசனக் கிணறுகளின் உப்பளவை ஆண்டுதோறும் சோதித்துப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதவேண்டும், உங்கள் ஊர்ப் பள்ளியின் காலை அடுப்புக்கு உங்கள் ஊர்க் காயை வாங்கவேண்டும். அந்த உப்பளவுப் பதிவின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு கேட்டுப் போகும்போது கையில் இருக்கவேண்டிய ஆதாரம் அது.